சின்னக் கட்டுரைகளுக்கு நல்ல சஞ்சிகை தேடுவது எப்படி? திருமலையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பதினைந்து வருடங்களுக்கு மேல் இருக்கும். நாங்கள் திருமலை என்று சொல்லும் திருகோணமலையின் கடற்கரையில் கச்சான் கடலை தின்று முடித்து, அதைச் சுத்தித் தந்த காகிதச் சரையைக் கசக்கப் போனவன், அதிலிருந்த எழுத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். ஏதோ ஒரு சஞ்சிகையின் தாள். குடை திருத்தும் ஒருவரைப் பற்றிய கட்டுரை. மழை நாளில் அவர் கடையைத் திறப்பதேயில்லை என்று தொடங்கியிருந்தது. ஏன் என்று சொல்லுமுன் பக்கம் முடிந்துவிட்டது. சஞ்சிகையின் பெயரும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. கீழே 34 என்ற எண் மட்டும். மறுபக்கத்தில் பல்லி விழும் பலன். திரும்பிப் போய்க் கச்சான்காரரிடம் மிச்சத் தாள் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் நேற்றே சுத்தி முடிஞ்சுது தம்பி" என்றார்.

அந்த 35 ஆம் பக்கத்தைத் தேடத் தொடங்கித்தான் நான் சஞ்சிகைகளுக்குள் விழுந்தேன். கட்டுரை கிடைக்கவில்லை. ஆனால் எந்தச் சஞ்சிகையில் அப்படிப்பட்ட கட்டுரைகள் வரும், எதில் வராது என்பதை முகர்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன். நான் மூதூரில் படிப்பிக்கிறேன். ஒருகாலத்தில் திருமலையிலிருந்து மூதூருக்குப் போவதென்றால் கடல்வழிதான் நினைவுக்கு வரும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு தரைவழி இலகுவாகிவிட்டது. பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அந்த நேரத்துக்கு நாவல் சரிவராது, நடுவில் இறங்க வேண்டிவரும். இரண்டு மூன்று சின்னக் கட்டுரைகள் என்றால் அளவாக இருக்கும். அந்த அளவுக்கு வாசிக்கத் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: உங்களுக்கு எது ருசி என்று பாருங்கள்

கடைக்குப் போகுமுன் இதைச் செய்யுங்கள். இதுவரை வாசித்ததில் மறக்காமல் நிற்கும் மூன்று கட்டுரைகளை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். தலைப்பு மறந்திருந்தால் பரவாயில்லை, விஷயம் போதும். அவை எந்த வகை என்று பாருங்கள். தமிழ்ச் சஞ்சிகைகளில் சின்னக் கட்டுரைக்குப் பல முகங்கள் உண்டு. ஒரே ஆள் மாதாமாதம் தன் குரலில் எழுதுவது பத்தி. ஓர் ஆளையோ இடத்தையோ கண்ணுக்கு முன் நிறுத்துவது நடைச்சித்திரம். பயணக் கட்டுரை, அறிவியல் கட்டுரை, கேள்வி பதில், துணுக்கு என்பவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

பலரும் கவனிக்காத ஒரு வகை அஞ்சலிக் குறிப்பு. ஒருவர் இறந்ததும் அவரை நெருக்கமாகத் தெரிந்தவர் எழுதும் இரண்டு பக்கம். எழுதுகிறவருக்குக் கையில் நேரம் இருக்காது, சோடிக்க மனமும் இருக்காது. அதனாலோ என்னவோ, ஆளின் நடை, சிரிப்பு, கடன் கேட்கும் விதம் எல்லாம் அப்படியே வந்துவிடும். வெறும் புகழ்மாலையாக வருவதும் நிறைய உண்டு, அதை முதல் பந்தியிலேயே கண்டுபிடித்துவிடலாம். என் மூன்றில் இரண்டு அஞ்சலிக் குறிப்புகள், ஒன்று நடைச்சித்திரம். ஆகவே எனக்கு வேண்டியது ஆட்களைப் பற்றி எழுதும் சஞ்சிகை என்று தெளிவாகிவிட்டது. உங்களுக்கு வேறாக இருக்கும்.

எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும் என்கிறவர்களுக்காகவே பிறந்த வடிவம் ஒன்றும் இருக்கிறது. 1922 இல் அமெரிக்காவில் தொடங்கிய ரீடர்ஸ் டைஜஸ்ட், மற்றச் சஞ்சிகைகளின் கட்டுரைகளைச் சுருக்கி, நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் 31 கட்டுரைகளோடு முதல் இதழைக் கொண்டுவந்தது. அதே பாணியில் கலைமகள் நிறுவனம் 1947 இல் மஞ்சரியைத் தொடங்கியது. எழுத்தாளர் தி.ஜ.ர. அதன் ஆசிரியராக இருந்து, உலகத்து விஷயங்களை நம் திண்ணைத் தமிழில் சொல்லவைத்தார். பழைய மஞ்சரி எங்காவது கண்ணில் பட்டால் விலை பேசாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு காசு செலவழிக்காத இடங்களுக்குப் போங்கள்

புது இதழை அட்டையைப் பார்த்து வாங்குவது மீனைச் செதில் மட்டும் பார்த்து வாங்குவது மாதிரி. பழைய இதழ்களை வாசித்த பிறகுதான் புதியதற்குக் காசு கொடுக்க வேண்டும். பொது நூலகத்தின் சஞ்சிகைப் பகுதிதான் முதல் நிறுத்தம். மேசையில் விரித்திருப்பவற்றோடு நின்றுவிடாதீர்கள். கட்டிவைத்த பழைய இதழ்கள் இருந்தால் தாங்கோ என்று நூலகரிடம் கேளுங்கள். கேட்காதவருக்கு அவை வெளியே வருவதில்லை. ஊர்ப்பக்கம் என்றால் வாசிகசாலையும் சனசமூக நிலையமும் இருக்கின்றன. அங்கே தினசரிகள்தான் அதிகம், ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த யாராவது கொண்டுவந்து போட்ட கட்டு ஒன்று அலுமாரிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்.

அதற்கு அடுத்தது சலூன். சிரிக்காதீர்கள். அட்டை கிழிந்த நிலையிலும் ஒரு சஞ்சிகை சலூன் வாங்கில் கிடக்கிறதென்றால் அதைப் பல கைகள் புரட்டியிருக்கின்றன. எந்தப் பக்கம் அழுக்காகவும் நைந்தும் இருக்கிறதோ அதுதான் ஆட்கள் வாசித்த பக்கம். ஈழத்தின் மிக நீண்டகாலச் சஞ்சிகைகளில் ஒன்றான மல்லிகையே ஒரு சலூனோடு சேர்ந்து வளர்ந்ததுதான். எழுத்தாளர் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் சிகையலங்காரத் தொழில் செய்துகொண்டே 1966 இல் அதைத் தொடங்கினார்.

மூன்று இதழ்ச் சோதனை

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி, கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள்.

ஒரு சஞ்சிகையின் மூன்று இதழ்களை எடுங்கள். மூன்றும் சாதாரண மாத இதழ்களாக இருக்கட்டும். ஆண்டு மலர், சிறப்பிதழ் வேண்டாம். ஆண்டு மலர் கலியாண வீட்டுச் சாப்பாடு மாதிரி, அந்த வீட்டில் தினமும் என்ன சமைக்கிறார்கள் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இயன்றால் மூன்றும் வெவ்வேறு வருடத்தவையாக இருக்கட்டும்.

முதலில் கடைசிப் பக்கத்தைத் திறவுங்கள். தமிழில் நல்ல சின்ன எழுத்து அங்கே போய் ஒளிந்துகொள்ளும் பழக்கம் உண்டு. 1965 இல் தொடங்கிய கணையாழியில் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் கடைசிப் பக்கம் எழுதியவர் சுஜாதாதான். அந்தப் பக்கத்துக்காகவே இதழை வாங்கிப் பின்னாலிருந்து வாசித்தவர்கள் இருந்தார்கள். கடைசிப் பக்கத்தை விளம்பரத்துக்குக் கொடுத்த சஞ்சிகை கெட்டது என்று அர்த்தமில்லை, காசு அவர்களுக்கும் வேண்டும். அப்படியென்றால் உள் அட்டைக்கு முந்திய பக்கத்தைப் பாருங்கள்.

அடுத்தது வாசகர் கடிதம். "சென்ற இதழ் சிறப்பு, வாழ்த்துகள்" என்ற கடிதங்கள் மட்டும் இருந்தால் கவனம். யாராவது ஒருவர் "போன இதழில் வந்த கட்டுரையில் அந்த வருடம் பிழை" என்று சண்டைக்கு வந்திருந்தால் மிக நல்லது. அந்த இதழை யாரோ ஊன்றி வாசிக்கிறார்கள், ஆசிரியரும் அதை அச்சில் போடத் துணிகிறார்.

பிறகு பொருளடக்கத்தைப் பார்த்து, உள்ளதிலேயே மிகச் சின்னக் கட்டுரை எதுவென்று கண்டுபிடியுங்கள். பெரிய கட்டுரையை எப்படியும் கவனித்துப் போட்டிருப்பார்கள். ஒன்றரைப் பக்கக் கட்டுரையைத்தான் சில இடங்களில் ஓட்டை அடைக்கப் போடுவார்கள். அதன் முதல் பந்தியை மட்டும் வாசியுங்கள். "இன்றைய நவீன யுகத்தில்" என்று தொடங்கினால் மூடிவிடுங்கள். ஓர் ஆள், ஓர் இடம், ஒரு பொருள், ஒரு சம்பவம், இதில் ஏதாவது ஒன்று முதல் மூன்று வரிக்குள் வந்துவிட்டால் தொடருங்கள்.

கடைசிச் சோதனையை நான் என் அம்மாவிடம் செய்வேன். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது, "அம்மா, இண்டைக்கு பஸ்ஸில ஒண்டு வாசிச்சன்" என்று கட்டுரையைத் திருப்பிச் சொல்வேன். பேப்பரைப் பார்க்காமல், இரண்டு நிமிடத்துக்குள். "பிறகு?" என்று அவர் கேட்டால் கட்டுரை பாஸ். "சரி சரி, தேத்தண்ணி ஆறுது, குடி" என்றால் முடிந்தது கதை. நல்ல கட்டுரை திருப்பிச் சொல்லும்போது தானாகவே வரிசையாக வரும். சொல்ல எடுத்ததும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நான் தடுமாறினால் பிழை பெரும்பாலும் என்னிடம் இருப்பதில்லை. மூன்று இதழில் மூன்று கட்டுரையாவது அம்மாவிடம் பாஸ் பண்ணினால் அந்தச் சஞ்சிகையை என் பட்டியலில் சேர்ப்பேன்.

நூலகம் இணையத்தளம்: வீட்டிலிருந்தபடி பழைய கட்டு

திருமலையில் கிடைக்காத பழைய இதழ்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 2005 இல் தொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் மின்வருடி எடுத்து இலவசமாக வைத்திருக்கிறது. பலர் ஒருமுறை திறந்துவிட்டு, பட்டியலின் நீளத்தைப் பார்த்துப் பயந்து மூடிவிடுகிறார்கள். நான் செய்யும் ஒழுங்கு இது.

சஞ்சிகையின் பெயரைத் தமிழில் தட்டித் தேடுங்கள். இதழ்கள் வருடமும் மாதமுமாக வரும். ஒன்றைத் தொட்டதும் உடனே தரவிறக்க வேண்டாம். பல இதழ்களின் பக்கத்தில் உள்ளடக்கத்தை, தலைப்பும் எழுதியவர் பெயருமாக, ஏற்கனவே தட்டச்சுச் செய்து வைத்திருக்கிறார்கள். இதைச் செய்தவர்களின் கைக்கு மோதிரம் போடலாம். பட்டியலை வாசித்து, உங்கள் ருசிக்கு ஏற்ற தலைப்பு இரண்டாவது இருந்தால் மட்டும் இறக்குங்கள். வருடிய கோப்புகள் பாரமானவை, டேட்டா தின்றுவிடும். நான் இரவில் வைஃபை உள்ள இடத்தில் ஐந்தாறு இதழ்களை இறக்கி வைத்துக்கொள்வேன். இரண்டு நிரல் பக்கங்களைச் சின்னப் போன் திரையில் வாசிப்பது கண்ணுக்குக் கேடு. பிடித்த கட்டுரையை மட்டும் கடையில் கொடுத்துப் பிரதி எடுத்துவிடுங்கள்.

எங்கே தொடங்குவது? சிரிக்க வேண்டுமென்றால் சிரித்திரன். சிவஞானசுந்தரம், சுந்தர் என்ற பெயரில் 1960களில் கொழும்பில் தொடங்கிப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து நடத்தியது. கேலிச்சித்திரத்துக்குத்தான் பேர்போனது, ஆனால் மகுடி என்ற பெயரில் வந்த கேள்வி பதிலை விடாதீர்கள். இரண்டு வரியில் ஒரு கட்டுரையின் பாரத்தை இறக்கிவிடுவார்.

என்னைப்போல் ஆட்களைப் பற்றி வாசிக்க விரும்பினால் மல்லிகை. அதன் அட்டையில் எழுத்தாளர்கள், கலைஞர்கள் படங்கள் வரும். உள்ளே அந்த ஆளைப் பற்றி அவரைத் தெரிந்த ஒருவர் எழுதிய சின்னக் கட்டுரை இருக்கும். பழைய இதழ்களில் அட்டைப்படக் கட்டுரைகளை மட்டும் வாசித்துக்கொண்டு போனாலே ஈழத்து இலக்கியத்தின் முகங்கள் பரிச்சயமாகிவிடும். தூண்டில் என்ற கேள்வி பதிலையும் பாருங்கள், ஜீவாவின் கோபமும் பிடிவாதமும் அதில் நேராகத் தெரியும். மல்லிகையின் அரசியலோடு நான் எப்போதும் ஒத்துப்போவதில்லை. வாசிக்க அது தடையாக இருந்ததுமில்லை.

அறிவியல் என்றால், யாழ்ப்பாணத்தில் எழுத்தாளரும் பதிப்பாளருமான வரதர் நடத்திய அறிவுக் களஞ்சியம். பாடப்புத்தக வாடை கொஞ்சம் அடிக்கும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதிலிருந்து சில கட்டுரைகள் வாசித்துக் காட்டியிருக்கிறேன், அவர்களுக்கு அந்த வாடை தெரியவில்லை.

இப்போது வருபவை

ஞானம் 2000 ஆம் ஆண்டு தி. ஞானசேகரன் தொடங்கியது, ஜீவநதி 2007 இல் க. பரணீதரன் அல்வாயிலிருந்து தொடங்கியது. இரண்டுமே இலக்கியச் சஞ்சிகைகள். பொழுதுபோக்காக வாசிக்க எடுப்பவருக்கு ஒரு எச்சரிக்கை: நூல் விமர்சனமும் ஆய்வுக் கட்டுரையும் நிறைய இருக்கும், அவற்றைத் தாண்டிப் போவதற்கு வெட்கப்பட வேண்டாம். நினைவுக் குறிப்புகளையும் பத்திகளையும் தேடிப் பிடியுங்கள். எங்கள் திருமலையிலிருந்தே நீங்களும் எழுதலாம் என்றொரு சிற்றிதழ் வந்தது. அது கவிதைக்கானது, ஆகவே இந்த வழிகாட்டிக்குள் வராது, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வருபவை எங்களுக்குக் கொஞ்சம் பிந்தியும் கூடிய விலையிலும் வந்துசேரும். காலச்சுவடு, உயிர்மை இரண்டிலும் கட்டுரைகள் பெரும்பாலும் நீளமானவை. பஸ்ஸுக்கு ஒன்று போதும். கல்கி 2020 இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போய்விட்டது. ஆனந்த விகடன் போன்ற வார இதழ்களில் சினிமாப் பக்கங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஒன்றிரண்டு நல்ல தொடர்கள் ஓடும். தொடர் எப்படியும் பிறகு புத்தகமாக வரும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. எனக்கு வாரத்துக்கு ஒன்றாக வாசிப்பதுதான் பிடிக்கும், நடுவில் ஆறு நாள் யோசிக்கலாம். சிறுவர்களோடு சேர்ந்து வாசிக்க, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் நல்லது.

ஞாயிறு பேப்பரை மறக்க வேண்டாம். வீரகேசரி, தினக்குரல், தினகரன் மூன்றின் ஞாயிறு இதழ்களிலும் உள்ளே ஒரு சஞ்சிகையே மடித்து வைத்தது போல் பக்கங்கள் இருக்கும். அரசியல் ஆய்வுகளைப் பிறகு பார்க்கலாம். பிடித்ததைக் கத்தரித்து, தேதியை ஓரத்தில் எழுதி ஒட்டுங்கள். தேதி எழுதாத கத்தரிப்பு கச்சான் சரைக்குச் சமம்.

இணைய இதழ்களில், 2009 முதல் வரும் சொல்வனத்தில் அறிவியலும் மொழிபெயர்ப்பும் நன்றாக இருக்கும், நீளம் சில வேளைகளில் மூச்சுவாங்க வைக்கும். பத்திரிகையாளர் சமஸ் 2021 இல் தொடங்கிய அருஞ்சொல்லில் வந்த கட்டுரைகள் அளவானவை. கனடாவிலிருந்து வ.ந. கிரிதரன் 2000 முதல் நடத்தும் பதிவுகள் தளத்தில் ஈழத்து நினைவுகள் நிறைய. காலையில் புறப்படுமுன் இரண்டு பக்கங்களைப் போனில் சேமித்துவிடுங்கள், சிக்னலை நம்பிப் பஸ் ஏற வேண்டாம்.

பெயரைப் பிடியுங்கள்

கொஞ்சக் காலம் போனதும் ஒன்று தெரியவரும்: உங்களுக்குப் பிடித்த கட்டுரைகளில் பாதியை ஐந்தாறு பேர்தான் எழுதியிருப்பார்கள். அந்தப் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு அவர்கள் வேறெங்கே எழுதுகிறார்கள் என்று பார்த்தால் புதுச் சஞ்சிகைகள் தானாகவே கிடைக்கும். எனக்கு அப்படி வழிகாட்டியவர் அ. முத்துலிங்கம். கொக்குவிலில் பிறந்து, பல நாடுகளில் வேலை செய்து, கனடாவில் இருப்பவர். அவருடைய ஒரு கட்டுரையைப் பிடித்துக்கொண்டு போய்த்தான், செல்வம் அருளானந்தம் 1990 முதல் ரொறன்ரோவிலிருந்து நடத்தும் காலம் சஞ்சிகையைக் கண்டுபிடித்தேன். மூதூர்க்காரரான வ.அ. இராசரத்தினத்தின் பெயரும் என் கொப்பியில் இருக்கிறது. பஸ் மூதூருக்குள் நுழையும் நேரத்தில் அவர் எழுதியதை வாசித்துக்கொண்டிருந்தால், யன்னலுக்கு வெளியே பார்ப்பதா தாளைப் பார்ப்பதா என்று தெரியாது.

சந்தா கட்டும்போது

தபாலில் காசுக்கட்டளை அனுப்பிச் சந்தா கட்டிய காலம் ஒன்று. இப்போது பெரும்பாலும் வங்கிக் கணக்குக்குப் போட்டுவிட்டுப் பற்றுச்சீட்டின் படத்தை அனுப்பினால் சரி. முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தனியாக ஒரு செய்தியில் அனுப்புங்கள், படத்தில் எழுதியது பல நேரம் வாசிக்க முடியாமல் போகும்.

ஆயுட்சந்தா என்று கேட்டால் இரண்டுமுறை யோசியுங்கள். ஒருமுறை ஒரு சஞ்சிகைக்கு, பெயர் வேண்டாம், ஆயுட்சந்தா கட்டினேன். மூன்று இதழ் வந்தது. நான் இன்னும் இருக்கிறேன், சஞ்சிகைக்குத்தான் ஆயுள் முடிந்துவிட்டது. அதன் ஆசிரியர் மேல் கோபமில்லை. சிற்றிதழ் நடத்துவது வீட்டுக் காசை அச்சகத்தில் கொட்டும் வேலை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் முதல் தடவை ஒரு வருடம் மட்டும் கட்டுங்கள். இதழ் ஒழுங்காக வருகிறதா, அம்மாவின் சோதனையில் நிற்கிறதா என்று பார்த்துப் புதுப்பியுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு சந்தாவுக்கு மேல் வேண்டாம். பிரிக்காத உறைகள் மேசையில் சேரத் தொடங்கினால் வாசிப்பு வீட்டுக்கடன் மாதிரி ஆகிவிடும்.

வாசித்து முடித்த இதழ்களை நான் பேப்பர்க் கடைக்குப் போடுவதில்லை. வேண்டிய கட்டுரையைப் பிரதி எடுத்துக்கொண்டு, சலூன் வாங்கிலோ வாசிகசாலை மேசையிலோ வைத்துவிடுவேன். சரையாகப் போனாலும் போகட்டும், ஆனால் முழு இதழாக யாராவது ஒருதரம் வாசித்த பிறகு போகட்டும்.

அப்புறம், அந்தக் குடைக்காரர். தாள் இன்னும் என் கொப்பிக்குள் இருக்கிறது. இரண்டு நிரல், கீழே வலது மூலையில் தையல் மெஷின் விளம்பரத்தின் பாதி, பின்பக்கம் பல்லி விழும் பலன். உங்கள் வீட்டு அலுமாரியில் அப்படியொரு சஞ்சிகை கிடந்தால் 35 ஆம் பக்கத்தை ஒருக்கால் புரட்டிப் பாருங்கள். மழை நாளில் அவர் ஏன் கடையைப் பூட்டினார் என்று அம்மாவும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.